அம்மாப்பேட்டையில் நாலு போர்ஷன் வீடு: முதல் முதலீடா வாங்கலாமா?

சூரமங்கலம்_வாசி

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரம்மாவும் ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சேலம் ஜங்ஷன் பக்கம் 11,000 ரூபாய் வாடகையில இருக்கோம். சொந்தமா இதுவரை ஒண்ணும் வாங்கல. கையில 34 லட்சம் சேர்ந்திருக்கு, அதுல ஊர்ல நிலம் வித்த பங்கும் அடக்கம்.

அம்மாப்பேட்டையில ஒரு வீடு விலைக்கு வந்திருக்கு. 1,500 சதுர அடி மனை. கீழே வளவு மாதிரி, அதாவது ஒரே வாசலுக்குள்ள பல குடித்தனமா, மூணு போர்ஷன், மாடியில ஒரு வீடு. கீழே ஒவ்வொண்ணும் 5,500, மாடி 9,500, ஆக மாசம் 26,000 வாடகைன்னு புரோக்கர் சொல்றார். விலை 72 லட்சம். 45 லட்சம் கடன் போட்டு, மீதியைக் கையிலிருந்து கொடுக்கலாம்னு நினைக்கிறோம்.

ஃப்ளாட் ஒண்ணு வாங்கினா ஒரே வாடகை. அது காலியானா வருமானமே நின்னுடும். இதுல ஒரு வீடு காலியானாலும் மத்த மூணு ஓடும். இந்த எண்ணம் சரியா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. மாமனார் வேண்டாம்ங்கிறார், அம்மா வாங்குங்கிறாங்க.

கணக்கு_பார்ப்பவர்

தம்பி, முதல்ல எண்களைப் பார்ப்போம். 72 லட்சத்தையே பத்திரத்துல காட்டினா முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ரெண்டும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 6 லட்சத்து 48 ஆயிரம். வங்கி இதுக்குக் கடன் தராது, முழுக்க உங்க கைக்காசு. 27 லட்சத்தோட இதையும் சேர்த்தா 33 லட்சத்து 48 ஆயிரம். புரோக்கர் கமிஷன், வக்கீல் ஃபீஸ் கொடுத்தா உங்க 34 லட்சமும் துடைச்சுப் போயிடும். வாங்கின மறுநாள் மோட்டார் எரிஞ்சா கையில காசிருக்காது.

45 லட்சத்துக்கு எட்டரை சதவீதம், 20 வருஷம்னா இ.எம்.ஐ. 39,000 ரூபாய் சொச்சம். வாடகை 26,000. வருஷத்துல சராசரியா ஒரு மாச வாடகை காலியில போகும்னு வைங்க, 2 லட்சத்து 86 ஆயிரம் வரும். சொத்து வரி, பெயிண்ட், செப்டிக் டேங்க், பிளம்பர்னு 38,000 கழிச்சா 2 லட்சத்து 48 ஆயிரம். மாசத்துக்கு 20,700. மாசாமாசம் 18,300 ரூபாய் உங்க சம்பளத்துல இருந்து போடணும். வாடகை இ.எம்.ஐ.யைக் கட்டிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சேலத்துல மட்டுமில்ல, எந்த ஊர்லயும் இன்னைக்கு வீட்டு வாடகை கடன் வட்டியைத் தொடுறதில்ல.

வரியையும் பாருங்க. வாடகையில சொத்து வரியைக் கழிச்சு, மிச்சத்துல 30 சதவீதம் பராமரிப்புக்குன்னு கழிவு உண்டு, செலவு பண்ணாட்டியும் உண்டு. முதல் வருஷ வட்டி மட்டுமே சுமார் 3 லட்சத்து 79 ஆயிரம். எல்லாம் கழிச்சா வீட்டுக் கணக்குல 1 லட்சத்து 84 ஆயிரம் நஷ்டம் நிக்கும். பழைய வரி முறையில இருந்தா அதைச் சம்பளத்துல கழிச்சுக்கலாம், வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும். புது முறையில சம்பளத்துல கழிக்க முடியாது. நீங்க எந்த முறை?

சூரமங்கலம்_வாசி

ரெண்டு பேருமே புது முறைதான் சார்.

கணக்கு_பார்ப்பவர்

அப்போ வரிச் சலுகையைக் கணக்குல சேர்க்காதீங்க. வாடகைக்கு வரி வராது, அந்த அளவுக்குத்தான் லாபம்.

அம்மாப்பேட்டை_அக்கா

கணக்கு சார் சொன்னதுல தப்பில்ல. ஆனா நான் இதே ஏரியாவுல அஞ்சு குடித்தனம் வச்சிருக்கேன், மாமியார் காலத்து வளவு. அந்த அனுபவத்துல சொல்றேன்.

தம்பி, இந்த வீட்டுல நீங்க விலை கொடுக்கிறது மண்ணுக்கு. கட்டடம் தேயும், வாடகை மெதுவாத்தான் ஏறும், மனை விலைதான் பதினஞ்சு வருஷம் கழிச்சு உங்களைக் காப்பாத்தும். அதனால மனை சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க. தெரு எத்தனை அடி? மழை பெஞ்சா தண்ணி எங்க போகுது? திருமணிமுத்தாறு பக்கமும், ஏரி நிரம்பி வழியுற வழியிலயும் இருக்கிற தெருக்கள்ல ஐப்பசி மழைக்கு வாசப்படி வரை தண்ணி ஏறும். வெயில் காலத்துல போய்ப் பார்த்தா அந்த வீடு அரண்மனையா தெரியும். எதிர்வீட்டுப் பாட்டிகிட்ட கேளுங்க, புரோக்கர்கிட்ட கேட்காதீங்க.

அடுத்தது தண்ணி. டூலெட் போர்டு பார்த்துட்டு வர்ற பொம்பளைங்க வாடகை எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னுதான் கேட்பாங்க. மேட்டூர் தண்ணிக் குழாய் இணைப்பு ஒண்ணா, ரெண்டா? சம்ப் எவ்வளவு பெருசு? நாலு குடும்பத்துக்கு ஒரே குழாய், குடம் வச்சுப் பிடிக்கிற நிலைமைன்னா வாரம் ஒரு சண்டை உங்க போனுக்கு வரும். போர் தண்ணி உப்பா இருந்தா கீஸர், குழாய், டைல்ஸ் எல்லாம் வெள்ளை பூத்து நிக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. ஆடியிலயும் மார்கழியிலயும் நம்ம பக்கம் யாரும் குடி மாறிப் பால் காய்ச்ச மாட்டாங்க. ஆனி கடைசியில ஒரு போர்ஷன் காலியானா ஆவணி வரைக்கும் பூட்டித்தான் கிடக்கும். கணக்கு சார் போட்ட ஒரு மாச காலி சரியான கணக்குதான்.

நான் உங்க இடத்துல இருந்தா மாடி வீட்டுக்கு நானே குடி போயிடுவேன். முதல் தடவை குடித்தனம் வைக்கிறவங்க அதே வளவுல இருந்தா பாதிப் பிரச்சனை வராது. ஜங்ஷன்ல கொடுக்கிற 11,000மும் மிச்சம்.

வாடகைக்குடி

நான் குடியிருக்கிற பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லிக்கிறேன். பொன்னம்மாப்பேட்டையில இப்படி ஒரு போர்ஷன்லதான் பல வருஷமா இருக்கேன்.

தனி மீட்டர் இருக்கான்னு பாருங்க. தனி மின் இணைப்பு இருந்தா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் எங்களுக்கு இலவசம். எங்க வளவுல ஒரே மீட்டர், வீட்டுக்காரர் உள்மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குறார். சின்னக் குடும்பம், ரெண்டு ஃபேன், ஒரு டி.வி., ஒரு ஃப்ரிட்ஜ். தனி இணைப்பு இருந்தா எங்க பில் ரொம்பக் குறைவாத்தான் வரும். அதுக்காகவே வேற வீடு தேடுறோம். 300, 400 வாடகை கூடக் கொடுக்கக்கூட தயார், தனி மீட்டர் வேணும்.

அப்புறம் கக்கூஸ். பொதுக் கக்கூஸ் உள்ள வளவுக்கு இப்போ கல்யாணமான பசங்க யாரும் வர்றதில்ல. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனியா இருக்கணும்.

எங்களை மாதிரி ஆளுங்களைப் பத்திப் பேசறப்போ வாடகைன்னு ஒரு எண்ணை மட்டும் போடறீங்க. நாங்க பத்து வருஷம் ஒரே வீட்டுல இருக்கோம்னா அந்த வீட்டுக்காரர் நல்லவர்னு அர்த்தம். வாங்குறதுக்கு முன்னாடி இருக்கிற குடும்பங்களோட உட்கார்ந்து பேசுங்க. வீட்டைப் பத்தி எல்லாத்தையும் அவங்கதான் சொல்வாங்க.

நெத்திமேடு_சிவில்

மின்சாரம் பத்தி அவர் சொன்னது ரொம்பச் சரி. நாலு குடும்பமும் ஒரே மீட்டர்ல ஓடினா ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைச் சுலபமா தாண்டிடும். தாண்டினா 101லிருந்து 200 வரைக்கும் உள்ள சலுகை விலையும் போயிடும். வாங்கும்போதே எத்தனை இணைப்பு, யார் பேர்ல, எந்த விகிதத்துலன்னு பழைய ரசீதுகளைக் கேட்டு வாங்குங்க. அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை பக்கம் இதுல இன்னொரு சிக்கல் உண்டு. போர்ஷன்ல குடும்பம்னு சொல்லிட்டு உள்ளே தறியோ வெள்ளிக் கொலுசு வேலையோ நடக்கும். வேலை நடக்கிறது தப்பில்ல, அது ஊரோட பிழைப்பு. ஆனா வீட்டு இணைப்புல பட்டறை மோட்டார் ஓடினா, பிடிபட்டா, அபராதம் இணைப்பு யார் பேர்ல இருக்கோ அவங்க தலையில. தறி ஓட்டணும்னா விசைத்தறிக்குன்னு தனி இணைப்பு இருக்கு, ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவசமும் இருக்கு, முறையா எடுத்துக்கட்டும்.

கட்டடத்துல நான் பார்க்கிற இடங்கள்: மாடி பாத்ரூமுக்குக் கீழே இருக்கிற ரூமோட கூரை. அங்க பூச்சு உப்பியிருந்தா, கம்பி துரு பிடிச்சு வெடிப்பு விட்டிருந்தா, சும்மா பெயிண்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க. சாவியால தட்டிப் பாருங்க, டொக்குன்னு பொள்ளல் சத்தம் வந்தா உள்ளே விட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். புதுசா ஒரு ரூமுக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சிருந்தா அந்த ரூமைத்தான் ரொம்ப நேரம் பார்க்கணும். மாடிப்படி, சன்ஷேடு, மொட்டைமாடி தட்டோடு, எல்லாம் அப்புறம்.

முக்கியமா, மாடி அனுமதி வாங்கிக் கட்டினதான்னு கேளுங்க. கீழ்வீட்டுக்கு மட்டும் வரைபட அனுமதி இருக்கும், மாடி பின்னால எழும்பியிருக்கும். மாநகராட்சி வரி ரசீதுல எத்தனை சதுர அடி போட்டிருக்கு, நிஜத்துல எவ்வளவு இருக்குன்னு டேப் பிடிச்சு ஒத்துப் பாருங்க. 2022ல சொத்து வரி கூடினப்போ பெரிய கட்டடங்களுக்குத்தான் அதிகமா கூடிச்சு. குறைச்சுக் காட்டின அளவு நாளைக்குத் திருத்தப்பட்டா பழைய பாக்கியும் உங்ககிட்ட வரும்.

பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கா, செப்டிக் டேங்கா? டேங்க்னா மூடி எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க. ஒரு போர்ஷன் சமையலறைக்குக் கீழே டேங்க் மூடியைப் பார்த்த வீடு எனக்குத் தெரியும்.

மலைப்பாதை

72 லட்சத்துக்கு ஏற்காட்டுல ஒரு காட்டேஜ் வாங்கி சுற்றுலாப் பயணிகளுக்கு விடலாமே? ஒரு ராத்திரி வாடகையே இங்க ஒரு போர்ஷனோட மாச வாடகையில பாதி.

நெத்திமேடு_சிவில்

சீசன்லயும் சனி ஞாயிறுலயும் மட்டும். சேர்வராயன் மலை முழுக்க மலைப்பகுதி விதி உண்டு, கட்ட, மாத்தக் கட்ட எல்லாத்துக்கும் ஹாகாங்கிற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தோட அனுமதி வேணும். அனுமதியில்லாத கட்டடத்தை அழகான ஃபோட்டோவோட விக்கிறாங்க. தவிர, ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க குழாய் உடைஞ்சதுன்னு 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக முடியாது. முதல் முதலீட்டுக்கு அது வேண்டாம்.

சேலம்_வக்கீல்

தாமதமாகச் சேர்கிறேன். இரண்டு விஷயங்களை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், மற்றதை உங்கள் வக்கீல் பார்ப்பார்.

முதலாவது, வாரிசு. இந்த மாதிரி வளவு வீடுகள் பெரும்பாலும் அப்பா பெயரில் இருந்து பிள்ளைகளுக்கு வந்தவை. அண்ணன் தம்பிகள் மட்டும் பாகம் பிரித்துக்கொண்டு, கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளைக் கேட்காமல் விற்பார்கள். மகளுக்குப் பங்கு உண்டு. அவர்கள் கையெழுத்தோ, பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமோ இல்லாமல் தொடாதீர்கள். சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் 1975 முதல் எடுக்கலாம், அதற்கு முன்புள்ளதை மனுப் போட்டு எடுங்கள். மூலப்பத்திரம் அசலாக இருக்கிறதா, அடகில் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் ஒத்துப் பாருங்கள்.

இரண்டாவதுதான் இந்த இழையில் இதுவரை யாரும் தொடாதது. நான்கு குடும்பமும் வாடகைக்குத்தான் இருக்கிறார்களா, அல்லது யாராவது போக்கியத்துக்கு இருக்கிறார்களா? சேலத்தில் 5 லட்சம், 8 லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் வீட்டைக் கொடுப்பது சாதாரணம். சட்டப்படி அது அனுபவ அடமானம், பதிவு செய்யவேண்டும். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் வில்லங்கச் சான்றில் வராது. சான்று சுத்தமாக இருக்கிறது என்று நீங்கள் கிரயம் முடித்தபின், மாடியில் இருப்பவர் "என் காசைக் கொடுங்கள், காலி செய்கிறேன்" என்பார். எனக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. ஒருவர் ஒரு சொத்தில் குடியிருந்தால், அவருக்கு அதில் இருக்கும் உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே சொத்துரிமை மாற்றுச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அட்வான்ஸும் அப்படித்தான். குடித்தனக்காரர் பழைய வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸை நாளை உங்களிடம்தான் கேட்பார். விலையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

நான்கு குடும்பத்தையும் விற்பவரை வைத்துக்கொள்ளாமல் தனியாகச் சந்தியுங்கள்.

சூரமங்கலம்_வாசி

போன ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் போய் எல்லா வீட்டுலயும் உட்கார்ந்து பேசினோம். வாடகைக்குடி அவர் சொன்ன மாதிரி, அவங்களே எல்லாத்தையும் சொன்னாங்க.

கீழே மூணும் வாடகைதான், 5,500, ஆளுக்கு 25,000 அட்வான்ஸ். மாடி போக்கியம். 6 லட்சம். மூணு வருஷத்துக்கு எழுதி, கெடு முடிஞ்சும் பணம் திரும்பாததால அப்படியே இருக்காங்க. 9,500 வாடகைங்கிறது மாடியை வாடகைக்கு விட்டா வரும்னு புரோக்கர் போட்ட எண். நிஜமா மாசம் வர்றது 16,500தான்.

மாடியில இருக்கிற ஐயா ரொம்ப மரியாதையா பேசினார். "என் பொண்ணு கல்யாணத்துக்கு வச்ச காசு தம்பி, யார் கொடுத்தாலும் வாங்கிட்டுப் போயிடறேன்" அப்படின்னார். அவர் பணம் போகாம இந்தக் கிரயம் நடக்கக்கூடாதுன்னு நாங்க முடிவு பண்ணிட்டோம்.

மீட்டர் மூணு இருக்கு. கீழே ரெண்டு போர்ஷனுக்குச் சேர்ந்து ஒண்ணு. செப்டிக் டேங்க் பின் சந்துல, மூடி திறக்கிற மாதிரி இருக்கு. மாடி பாத்ரூமுக்குக் கீழே கூரையில பொள்ளல் சத்தம் வருது. தெருவுல தண்ணி நிக்கிறதில்லைன்னு மூணு வீட்டுல சொன்னாங்க. விற்கிறவருக்கு ஒரு தங்கச்சி, கையெழுத்துப் போட வர்றதா அவங்களே போன்ல சொன்னாங்க.

இப்போ இதை விட்டுடறதா, பேசிப் பார்க்கிறதா?

கணக்கு_பார்ப்பவர்

விடவேண்டாம், ஆனா 72 கொடுக்காதீங்க. 26,000 வாடகைக்குன்னு சொன்ன விலை அது. 16,500க்கு அந்த விலை கிடையாது. 66லிருந்து பேச்சை ஆரம்பிங்க, அந்த 66க்குள்ளதான் போக்கியப் பணமும் அட்வான்ஸும் அடங்கணும்.

66ல முடிஞ்சா பதிவுச் செலவு 5 லட்சத்து 94 ஆயிரம். 40 லட்சம் கடன் போட்டா கைக்காசு கிட்டத்தட்ட 32 லட்சம். கையில 2 லட்சம் நிக்கும். கமிஷன், வக்கீல் ஃபீஸ் போக மிச்சத்தைக் கூரை வேலைக்கும் மீட்டருக்கும் வைங்க. இ.எம்.ஐ. 34,700. கீழே மூணு போர்ஷன்ல காலி, வரி, பராமரிப்பு எல்லாம் போக மாசம் 12,000 நிக்கும். அக்கா சொன்னபடி மாடிக்கு நீங்களே போனா 11,000 வாடகை மிச்சம். ஆக மாசம் 11,700 கூடுதலா போடவேண்டி வரும். ரெண்டு சம்பளத்துல இது தாங்கும். ஒரு சம்பளம் ஆறு மாசம் நின்னா தாங்குமான்னு நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க. அதுக்குப் பதில் ஆமாம்னு வந்தாத்தான் மேலே போங்க.

சேலம்_வக்கீல்

கிரய ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: மாடியில் இருப்பவரின் போக்கியத் தொகை 6 லட்சம், கீழ் வீடுகளின் அட்வான்ஸ் 75,000, இரண்டும் விலையில் அடக்கம். 6 லட்சத்தை விற்பவர் கையில் கொடுக்காமல், பத்திரப்பதிவு அன்று போக்கியக்காரர் பெயருக்கே வங்கி வரைவோலையாகக் கொடுங்கள். அவர் சாவியை ஒப்படைத்து, பழைய முத்திரைத்தாளில் பணம் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பித் தரவேண்டும். வீடு காலியாக இருப்பதைப் பார்த்தபிறகு சார்பதிவாளர் அலுவலகம் போங்கள்.

விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம் வருமான வரியை நீங்கள்தான் பிடித்துக் கட்டவேண்டும். விற்பவர் கிரய அட்வான்ஸை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அவருக்கே அபராதம்.

கிரயம் ஆனதும் கீழே உள்ள மூன்று குடும்பத்துடனும் உங்கள் பெயரில் புதிய ஒப்பந்தம் போட்டு, வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம். வாடகை வரவில்லை என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

அம்மாப்பேட்டை_அக்கா

தம்பி, வாங்கினதும் வாடகையை ஏத்தாதீங்க. அந்த மூணு குடும்பமும் உண்மையைச் சொன்னதாலதான் உங்க 6 லட்சம் தப்பிச்சது. முதல்ல அந்தச் சேர்ந்த மீட்டரைப் பிரிச்சுக் கொடுங்க, கூரையைச் சரி பண்ணுங்க. அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு 500 கேட்டா அவங்களே கொடுப்பாங்க.

ஆடிக்கு முன்னாடி பத்திரம் முடிக்கணும்னு புரோக்கர் அவசரப்படுத்துவார். அந்த அவசரம் உங்களுக்கு வேண்டாம். ஆடியில மத்தவங்க வாங்க வரமாட்டாங்க, வீடு அங்கேயேதான் இருக்கும். அந்த ஒரு மாசத்தைப் பத்திரம் பார்க்க வச்சுக்கோங்க.

வாடகைக்குடி

மாடி ஐயாவுக்கு வேற வீடு பார்க்க எவ்வளவு நாள் வேணும்னு கேட்டு அதுக்கேத்த மாதிரி தேதி குறிங்க. வயசானவங்க.

சூரமங்கலம்_வாசி

கேட்டோம், பொண்ணு வீட்டுப் பக்கம் கன்னங்குறிச்சியில பார்த்துட்டு இருக்காராம், ஆவணியில மாறிக்கிறேன்னார். அதனால பத்திரமும் ஆவணிக்குத்தான்.

இன்னைக்கு விற்கிறவர்கிட்ட 65 சொன்னோம், 68ல நிக்கிறார். போக்கியத்தை அதுக்குள்ளேயே முடிக்க ஒத்துக்கிட்டார், அதை எழுதித் தரவும் சம்மதம். தங்கச்சி சேலம் வர்ற அன்னைக்கு வக்கீலை வச்சு ஒப்பந்தம் போடலாம்னு இருக்கோம். அதுவரை அட்வான்ஸ் ஒரு ரூபாய் கொடுக்கல. நெத்திமேடு சார், அந்தக் கூரைக்கு மட்டும் என்ன செலவாகும்னு ஒரு நாள் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா? அந்தத் தொகையை 68ல குறைச்சுக் கேட்கணும்.

நெத்திமேடு_சிவில்

வர்றேன். மாடி பாத்ரூமை முந்தின நாள் ராத்திரி தண்ணி தேக்கி வைக்கச் சொல்லுங்க, காலையில கீழே பார்த்தா எவ்வளவு ஊறுதுன்னு தெரிஞ்சிடும்.